ஜீரோ வாட்ஸ் மாசானமுத்து

பனையடிபட்டியில் ஆளுக்கொரு வாட்ஸ் தகடு உண்டு. வாசல் கதவில் நாலு ஆணி அடித்து மாட்டியிருப்பார்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தகடு. பெயர், வோல்ட், வாட்ஸ். கல்யாணப் பத்திரிகையில்கூட படிப்புக்குப் பக்கத்தில் வாட்ஸைப் போட்டுவிடுவார்கள்.

மாசானமுத்து வீட்டுக் கதவில் இரண்டு தகடுகள். மேலே இருந்தது அவர் மனைவியுடையது. ஆவுடைத்தங்கம், 230 வோல்ட், 1000 வாட்ஸ். இஸ்திரிப் பெட்டியின் அளவு. அவள் கோபமாகக் கொடிப்பக்கம் நடந்துபோனால் காய்கிற வேட்டியெல்லாம் சுருக்கம் விட்டுவிடும். கீழ்த்தகட்டில் மாசானமுத்து என்ற பெயர் மட்டும் இருந்தது. மற்றதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டதுதான். பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெருமாள்சாமி 750 வாட்ஸ். மிக்ஸி. அவர் பேச ஆரம்பித்தால் ஒரு கையால் தன் உச்சந்தலையை அமுக்கிப் பிடித்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் சுவரெல்லாம் தெறிக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில் ரீடிங் எடுக்கிறவர் வந்தார். ஆவுடைத்தங்கத்தின் இடது கால் பெருவிரலில் ஒரு கிளிப், வலது கைக் கட்டைவிரலில் ஒரு கிளிப். சுவரில் இருந்த மீட்டருக்குள் அலுமினியத் தட்டு சுற்றியது. அது சுற்றுகிற வேகத்தைப் பார்த்தே அவர் ஆம்பியரைச் சொல்லிவிடுவார்.

கணக்கு ஒன்றும் பெரிய கணக்கில்லை. ஊருக்கே வோல்ட் 230. ஆளுக்குள் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஆளின் மின்தடை, ஓம் கணக்கில் வரும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்ஸ். ஆவுடைத்தங்கத்துக்குள் 4.35 ஆம்பியர் ஓடியது. வகுத்தால் ஐம்பத்து மூன்று ஓம், கொஞ்சம் முன்னே பின்னே. பெருக்கினால் ஆயிரத்து அரை வாட்ஸ். அரையை விட்டுவிட்டு ஆயிரம் என்று எழுதினார்.

"அரைய எதுக்கு விட்டீரு?" என்றாள் ஆவுடைத்தங்கம். "நான் என்ன கடன்பட்டா சம்பாதிச்சேன் அத?"

தட்டு இன்னும் வேகமாகச் சுற்றியது. அவர் அவசரமாகக் கிளிப்பைக் கழற்றி மாசானமுத்துவுக்கு மாட்டினார்.

தட்டு நின்றது.

அவர் மீட்டரை விரல்முட்டியால் தட்டினார். கிளிப்பை இன்னும் இறுக்கினார். மாசானமுத்துவின் முகத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"உயிரோடதான இருக்கீரு?"

"ஆமா."

"எதுக்கும் கொஞ்சம் இருமும்."

மாசானமுத்து இருமினார். தட்டு அசையவில்லை. ரீடிங்காரர் நோட்டில் ஒரு சுழி போட்டார். நல்ல உருண்டையான சுழி. போட்டுவிட்டுத் தள்ளிப்பிடித்து அழகு பார்த்தார்.

புதன்கிழமை நோட்டீஸ் வந்தது. மேற்படி வீட்டில் ஓர் இணைப்பு சும்மா கிடப்பதாகத் தெரியவந்துள்ளது, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் குறைந்தது ஒரு வாட்ஸாவது காட்டாவிட்டால் மேற்படி ஆள் கழற்றப்பட்டு அந்த இடம் ஒரு ஃப்ரிட்ஜுக்கு ஒதுக்கப்படும் என்று எழுதியிருந்தது. கையெழுத்துக்குப் பதில் ஒரு மின்னல் வரைந்திருந்தார்கள்.

"கழட்டி என்னவே செய்வாங்க?" என்று மாசானமுத்து பக்கத்து வீட்டில் கேட்டார்.

பெருமாள்சாமி தலையை அமுக்கிக்கொண்டார். "ஒண்ணும் செய்யமாட்டாங்க. நுனிய மடக்கி டேப்பு சுத்திருவாங்க."

"வலிக்குமோ?"

"டேப்பு சுத்திக்கிட்டவன் எவனும் வந்து சொல்லலியே."

வியாழக்கிழமை ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. நான்கு மணி வெள்ளிக்கிழமைதான் என்றாலும், ஒத்திகை பார்க்க ஒருநாள் வேண்டாமா என்றார்கள் தூக்கி வந்தவர்கள். வடக்குச் சுவரோரம் ஜன்னலுக்குக் கீழே மாசானமுத்து உட்காருகிற இடம். அவர் தலை எண்ணெய் பட்டுச் சுவரில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். இஞ்சு டேப் வைத்து அளந்தார்கள். ஃப்ரிட்ஜ் கச்சிதமாக உட்கார்ந்தது. வட்டத்தைக்கூட மறைக்கவில்லை. வட்டம் அதன் தலைக்கு மேலே சாமி படத்து ஒளி மாதிரி இருந்தது.

மாசானமுத்து அன்றைக்கு முழுதும் நின்றுகொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் எழுந்து இடம் கொடுக்கவில்லை. 150 வாட்ஸ் என்று அதன் முதுகில் எழுதியிருந்தது. அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் புறப்பட்டார். துணைக்குப் பெருமாள்சாமி வந்தார்.

மின்னளவை ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. செருப்பை வாசலில் விடச் சொன்னார்கள். விட்டார்கள். அதிகாரி அறை நடைகூடத்தின் கடைசியில். பெருமாள்சாமி நாலே எட்டில் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தார். மாசானமுத்து நாலு எட்டு வைத்தார். அறை அங்கேயே இருந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தார். நடைகூடம் எட்டு எட்டு நீண்டது.

"என்னவே, அங்கயே நிக்கீரு?" என்று பெருமாள்சாமி சத்தம் போட்டார். சத்தம் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆனது.

"நடந்துதான் வாரேன்."

வழியில் பெஞ்சில் இருந்த பியூன் விளக்கினார். "ஒயர் நீளமா இருந்தா மின்தடை கூடும் அண்ணாச்சி. உங்களுக்குத் தடை கூட. அதனால வராண்டா நீளமாயிட்டு. ஆபீஸ் எல்லாருக்கும் ஒரே ஆபீஸ்தான். நீளத்த அவங்கவங்க கொண்டாராங்க."

மாசானமுத்து இரண்டு மணி நேரம் நடந்தார். நடுவில் ஒரு டீக்கடை இருந்தது. டீ குடித்தார். நன்றாகவே இருந்தது.

அதிகாரியின் பெயர் ஞானதிரவியம். எழுபத்தைந்து வாட்ஸ். அவர் நாற்காலியில் இருந்தால் தலைக்கு மேலே ஃபேன் ஓடும். எழுந்தால் நின்றுவிடும். இதனால் அவர் ஒன்பது வருஷமாக எழவில்லை. மேஜையில் வைத்த காகிதங்கள் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் காகிதங்களை வைத்திருந்தார்.

"தொழில்?" என்று கேட்டார்.

"பஞ்சர் ஒட்டுதேன்."

"எத்தன வருஷமா?"

"முப்பது."

"ரப்பர்லயே கெடந்திருக்கீங்க. கரண்ட் எப்படி உள்ள போவும்?" அவர் ஒரு ஃபாரத்தை எடுத்தார். "வோல்ட்?"

"எரநூத்தி முப்பது."

"ஆம்பியர்?"

"சுழி."

"அப்ப வாட்ஸ், எரநூத்தி முப்பதையும் சுழியையும் பெருக்கணும். சுழி." எழுதினார். "இனி ஓம். எரநூத்தி முப்பத சுழியால வகுக்கணும்."

மாசானமுத்து யோசித்தார். "சுழியால வகுக்க முடியாதே சார். பள்ளிக்கூடத்துல சொன்னாங்க."

"பள்ளிக்கூடத்துல முடியாது. ஆபீசுல முடியும். என்ன, கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஃபாரத்துல ஒரு கட்டத்தையும் காலியா விடக்கூடாதுன்னு உத்தரவு."

அவர் கட்டத்தில் ஒன்பது போட்டார். பக்கத்தில் இன்னொரு ஒன்பது. பிறகு இன்னொன்று. கட்டம் நிறைந்தது. ஓரத்தில் எழுதினார். ஓரமும் நிறைந்தது.

"எவ்வளவு தூரம் போவும் சார்?"

"முடிஞ்சாத்தான் தெரியும். நாலு மணிக்குள்ள முடிஞ்சா நீங்க எதாச்சும் செய்யலாம். முடியலேன்னா ஃப்ரிட்ஜ்தான்."

இன்னொரு காகிதத்தை ஒட்டி அதிலும் எழுதினார். அதற்கும் பின்னால் ஒன்று. பியூன் பசை டப்பாவைக் கொண்டுவந்தார். பத்துத் தாளில் பசை தீர்ந்தது. எல்லோரும் மாசானமுத்துவின் சட்டைப்பையைப் பார்த்தார்கள். அதில் பஞ்சர் சொல்யூஷன் ட்யூப் துருத்திக்கொண்டிருந்தது.

மாசானமுத்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாளை ஒட்ட ஆரம்பித்தார். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி ஆறவிட்டு, அமுக்கி ஒட்டினார். செய்கிற வேலையைத் திருந்தச் செய்வது அவர் வழக்கம். தன்னைக் கழற்றப்போகிற எண் என்பதற்காக அதை மோசமாக ஒட்ட அவருக்கு மனம் வரவில்லை. தாள் ஒன்பதாக ஒன்பதாக வாசலைத் தாண்டி நடைகூடத்தில் போனது. டீக்கடைக்காரர் மேஜையைக் கொஞ்சம் நகர்த்தி அதற்கு வழி விட்டார்.

"சும்மா ஒட்டிக்கிட்டு இருந்தா எப்படிவே?" என்றார் பெருமாள்சாமி. "ஆம்பியர் வரலேன்னா வோல்ட்டக் கூட்டிப் பாக்கணும். சார், கூட்டலாமா?"

"தாராளமா. சொந்தக்காரங்களோ பக்கத்து வீட்டுக்காரங்களோ கூட்டலாம்."

மாசானமுத்துவுக்குக் கிளிப் மாட்டினார்கள். பெருமாள்சாமி தலையை அமுக்கிக்கொண்டு முன்னால் நின்றார். ஆபீஸ் மீட்டரில் வோல்ட் முள் 230-இல் இருந்தது.

"வே மாசானம், உம்ம சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருக்கீரு."

முள் முந்நூறுக்கு ஏறியது.

"ஆமா. பாத்தேன்" என்றார் மாசானமுத்து. ஆம்பியர் தட்டு அசையவில்லை.

"உம்ம கடையில ஒட்டின ட்யூபு நாலு தெரு தாண்டாதுன்னு ஊரே பேசுது."

நானூற்று நாற்பது.

"பேசுவாங்கதான்."

பெருமாள்சாமிக்கு வியர்த்தது. தலையிலிருந்து கையை எடுத்தார். ஊரில் யாரும் அவர் கையை எடுத்துப் பார்த்ததில்லை. "உம்ம கல்யாணத்துல ரசம் சப்புன்னு இருந்துச்சுவே! அத இன்னைக்கு வரைக்கும் நான் வெளிய சொல்லல!"

முள் பதினோராயிரத்தைத் தொட்டது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. ஞானதிரவியத்தின் சட்டையில் ரசம் தெறித்திருந்தது.

மாசானமுத்து தலையாட்டினார். "உப்பு கொறவு" என்றார். "நானும் நெனச்சேன்."

தட்டு நின்ற இடத்திலேயே நின்றது.

"பதினோராயிரத்துக்கே ஒண்ணும் போவல" என்றார் ஞானதிரவியம், மரியாதையோடு. இன்னொரு ஒன்பது போட்டார். மணி மூன்றரை. தாளின் நுனி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டதாகப் பியூன் வந்து சொன்னார். திருச்செந்தூர் பஸ்ஸில் போகிற ஒருவர் அதை வாங்கிப் பிடித்துக்கொண்டாராம்.

பெருமாள்சாமி மூலையில் உட்கார்ந்து, தெறித்துப்போன தன் உச்சந்தலை மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். மாசானமுத்து மணியைப் பார்த்தார். டேப் என்ன நிறத்தில் இருக்கும் என்று கேட்க நினைத்தார். அடுத்த தாளை எடுத்துத் தேய்த்தார்.

அப்போது நடைகூடத்தில் நாலு எட்டு கேட்டது. ஆவுடைத்தங்கம் உள்ளே வந்தாள். அறையில் எல்லோர் சட்டையும் மொடமொடவென்று சுருக்கம் நீங்கியது.

"எந்திரிங்க. வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

"போவ முடியாதும்மா" என்றார் ஞானதிரவியம். "நாலு மணிக்கு இவரக் கழட்டணும். அதான் ஃப்ரிட்ஜு குடுத்தாச்சே."

"அந்த ஃப்ரிட்ஜோட நான் காலையில இருந்து பேசிப் பாத்துட்டேன் சார். நான் ஒண்ணு சொன்னா அது பதிலுக்கு உறுமுது. நான் நிறுத்தினா அதுவும் நிறுத்துது. கதவத் திறந்தா லைட்டப் போட்டு முழிக்குது, நான் என்னமோ அத அடிக்க வந்த மாதிரி. பதில் பேசுற சாமான் எனக்கு வேண்டாம். இவுக பதினெட்டு வருஷமா அந்தச் சுவத்துல சாஞ்சு நான் சொல்லுறதக் கேக்காக."

"கேக்காரா? தட்டு சுத்தலியே."

"தட்டு கெடக்கட்டும்." அவள் முந்தானையை அவிழ்த்தாள். உள்ளே ஒரு சின்னப் பச்சை பல்பு. "இது எங்க படுக்கை ரூம்புல கழட்டினது. என்ன பல்பு?"

"ஜீரோ வாட்ஸ்."

"எரியுமா, எரியாதா?"

"நல்லா எரியும். எங்க வீட்லயும் கெடக்கு."

"ஜீரோன்னா எப்படி சார் எரியும்?"

ஞானதிரவியம் பேனாவைக் கீழே வைத்தார். ஒன்பது வருஷத்தில் அவர் அதைக் கீழே வைத்ததில்லை.

பல்பை மீட்டரில் மாட்டினார்கள். அது பளிச்சென்று பச்சையாக எரிந்தது. தட்டு அசையவே இல்லை. ஞானதிரவியம் பல்பைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மறுபடி பல்பைப் பார்த்தார். அது எரிந்துகொண்டிருந்தது.

"தட்டு கனம் சார்" என்றார் பியூன் மெதுவாக. "சின்னக் கரண்டுக்கு அது எந்திரிக்காது. அதனாலதான் இதுக்கு ஜீரோன்னு பேரு வந்ததுன்னு எங்க பெரிய லைன்மேன் சொல்லுவாரு. பீரோவுல சின்ன மீட்டர் ஒண்ணு இருக்கு."

"அதுவா? அது ஆயுத பூஜைக்கு வச்சிருக்கதுல்ல?"

"வேலையும் செய்யும்."

பீரோவைத் திறந்தார்கள். சின்ன மீட்டர் மாலையோடு இருந்தது. கண்ணாடி முழுக்கச் சந்தனமும் குங்குமமும். வருஷத்துக்கு ஒருமுறை பொரி வைத்துக் கும்பிட்டதைத் தவிர அதை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. ஆவுடைத்தங்கம் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

பல்பை மாட்டியதும் முள் மெதுவாக நகர்ந்து நின்றது. 0.065 ஆம்பியர்.

"எரநூத்தி முப்பதோட பெருக்கினா..." ஞானதிரவியத்தின் உதடுகள் அசைந்தன. "பதினாலே முக்காலுக்கும் மேல. பதினஞ்சு வாட்ஸ்!" அவர் அதிர்ச்சியில் எழுந்து நின்றுவிட்டார். ஃபேன் நின்றது. காகிதங்கள் இளைப்பாறின. "பதினஞ்சு வாட்ஸ ஒண்ணுமில்லேன்னு எழுதிக்கிட்டு இருந்திருக்கோம்!"

மணி நாலாக ஐந்து நிமிஷம். மாசானமுத்துவின் கால் பெருவிரலில் கிளிப்பை மாட்டினார்கள். கைக் கிளிப்பைப் பியூன் தேடினார். ரசப் பேச்சில் தெறித்து விழுந்த அது பெருமாள்சாமிக்கு அடியில் இருந்தது. எடுத்து மாட்டினார்கள்.

முள் அசையவில்லை.

ஆவுடைத்தங்கம் புருஷனைப் பார்த்தாள். சத்தம் போடப்போகிறாள் என்று எல்லோரும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் சத்தம் போடவில்லை. குனிந்து மீட்டரைப் பார்த்தாள். சுழிக்கு இறங்கிய முள்ளின் அடியில், காய்ந்து உதிர்ந்த சந்தனம் ஒரு துளி சிக்கியிருந்தது. மூடியைக் கழற்றி நகத்தால் சுரண்டினாள்.

முள் எழுந்தது. பல்புக்கு நின்ற அதே இடத்தில், ஒரு மயிரிழை பிசகாமல் நின்றது. 0.065.

"போட்டுக்கிடுங்க" என்றாள்.

ஞானதிரவியம் பதினைந்து என்று எழுதினார். பிறகு 230-ஐ 0.065-ஆல் வகுத்தார். மூவாயிரத்து ஐந்நூற்று முப்பத்தெட்டு ஓம். நாலே இலக்கம். கட்டத்துக்குள் அடங்கி, இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பதுகள் எழுதிய தாளைக் கிழிக்கச் சொன்னார். கிழியவில்லை. பியூன் காலை ஊன்றி இழுத்துப் பார்த்தார். ஒட்டு அப்படி.

"நாலு தெரு தாண்டாதுன்னீரே" என்றார் மாசானமுத்து, பெருமாள்சாமியைப் பார்த்து. "திருச்செந்தூர் போயிருக்கும் இப்ப."

"இன்னும் ஒரு கட்டம் இருக்கு" என்றார் ஞானதிரவியம். "பதினஞ்சு வாட்ஸுன்னா நெறம் எழுதணும். என்ன நெறம்?"

"பச்சை" என்றாள் ஆவுடைத்தங்கம்.

"நீலம்" என்றார் மாசானமுத்து.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். முள் 0.07-க்கு ஏறி ஒரு கணம் நடுங்கியது. பதினெட்டு வருஷத்தில் அவர் அவளுக்கு மறுபேச்சுப் பேசியது அதுதான் முதல். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோபமா இல்லையா என்று சொல்ல முடியாத பார்வை.

"பச்சையே எழுதுங்க" என்றாள். "வீட்டுல ஜன்னல் திரை பச்சை. அதுக்குச் சேரணும்லா."

முள் தன் இடத்துக்கு இறங்கியது. எழுதினார்கள்.

பல்பைச் சாட்சிக்கென்று ஆபீசிலேயே வைத்துக்கொண்டார்கள். வீட்டில் அந்த ஹோல்டர் காலியாக இருக்குமே என்றார் பியூன். இருந்துட்டுப் போவுது என்றாள் ஆவுடைத்தங்கம். திரும்பி வரும்போது நடைகூடம் அவருக்குப் பத்தே எட்டு. டீக்கடை இல்லை. டீக்கடைக்காரர் வாசலில் டம்ளரோடு நின்று செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போக ஆள் வந்தார்கள். அது கதவை ஒருமுறை திறந்து மூடியது. ஆவுடைத்தங்கம் அதற்குள் வைத்திருந்த மோரை எடுத்துக்கொண்டு, போயிட்டு வா என்றாள். அது உறுமியது. பார்த்தீங்களா என்றாள்.

மாசானமுத்து வடக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தலை வட்டத்துக்குள் சரியாகப் பொருந்தியது. ஆவுடைத்தங்கம் செவ்வாய்க்கிழமை விட்ட இடத்திலிருந்து, அந்த அரை வாட்ஸிலிருந்து, பேச ஆரம்பித்தாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பேசப் பேசச் சுவர் மீட்டரின் தட்டு ஓடியது. அவள் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது தட்டும் நின்றது. அவர் இருந்த மூலை மட்டும் பச்சையாகவே இருந்தது.

பெருமாள்சாமி தலையை அமுக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னவே, பச்சையாத் தெரியுதீரு?"

"நீலம் கேட்டேன்" என்றார் மாசானமுத்து. "கெடைக்கல."